கிரிவலப் பாதையில் நாய் கடித்தால் ஏன் இரண்டு விதமான ஊசி?

பௌர்ணமி இரவு, திருவண்ணாமலை கிரிவலப் பாதை. 14 கிலோமீட்டரில் பாதி தூரம் நெருங்கியாச்சு, எட்டு லிங்கங்களில் நாலைப் பார்த்தாச்சு. காலில் செருப்பு கிடையாது. மலைக்கு மேலே நிலா அம்சமாக நிற்கிறது. அதை ஸ்டேட்டஸில் போட வேண்டுமே என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரெண்டு அடி பின்னால் நகர்கிறீர்கள். அங்கே சுருண்டு படுத்திருந்த நாயின் வால் உங்கள் குதிகாலுக்குக் கீழே மாட்டுகிறது. அடுத்த நொடி கெண்டைக்காலில் பல் இறங்கி, ரத்தம் வருகிறது.

இது எங்கேயும் நடக்கலாம். ஆனால், இரவு முழுக்க லட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு நடக்கிற, நாய்களும் குரங்குகளும் மனிதர்களோடு சேர்ந்தே வாழ்கிற ஊரில் கொஞ்சம் சுலபமாகவே நடக்கும். அரசு மருத்துவமனைக்குப் போகிறீர்கள். காயத்தைக் கழுவச் சொல்கிறார்கள். ரெண்டு கையிலும் தோலுக்குள் சின்னதாக ஊசி போடுகிறார்கள். "அவ்ளோதானே சிஸ்டர்?" என்று எழுந்தால், "உட்காருங்க, இன்னொண்ணு இருக்கு" என்று வேறொரு மருந்தை எடுத்து வந்து, கடிபட்ட புண்ணுக்குள்ளேயே, சுற்றிச் சுற்றிக் குத்துகிறார்கள். வலி உயிர் போகிறது.

கையில் போட்டது என்ன, காலில் போட்டது என்ன? ரெண்டும் ஒரே மருந்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். "ஒண்ணு போட்டாச்சுல்ல, இன்னொண்ணு எதுக்கு" என்று பாதியில் எழுந்து போகிறவர்களும் உண்டு. அங்கேதான் ஆபத்தே இருக்கிறது. அந்த ரெண்டு ஊசிகளும் ரெண்டு வேறு வேறு வேலைகளைச் செய்கின்றன. பள்ளிக்கூடத்தில் ஆக்டிவ் இம்யூனிட்டி, பாசிவ் இம்யூனிட்டி என்று ரெண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்தோமே, அது உயிரைக் காப்பாற்றும் இடம் இதுதான்.

தீபத்துக்கு வரும் வெளியூர் போலீஸ்

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கார்த்திகை தீபம் வந்தால் ஊருக்குள் போலீஸ் தலைகளாகத் தெரியும். உள்ளூர் ஸ்டேஷன்காரர்கள் மட்டும் அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. அதனால் மற்ற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் பந்தோபஸ்துக்கு வருவார்கள். வரும்போதே பயிற்சி பெற்றவர்கள், பேருந்திலிருந்து இறங்கிய நிமிடமே வேலைக்குத் தயார். தீபம் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். யார் இந்தச் சந்தில் வழக்கமாகச் செயின் பறிப்பவன் என்ற தகவலை உள்ளூருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டும் போக மாட்டார்கள்.

பாசிவ் இம்யூனிட்டி அந்த வெளியூர் போலீஸ். வேறு ஒரு உடம்பு தயாரித்த ஆன்டிபாடிகளை நமக்குள் இறக்குவது. உடனே வேலை செய்யும், சில வாரங்களில் காலியாகும், எந்த ஞாபகத்தையும் விட்டுவைக்காது.

ஆக்டிவ் இம்யூனிட்டி உள்ளூர் ஸ்டேஷனே ஆள் சேர்த்து, பயிற்சி கொடுத்து, குற்றவாளியின் போட்டோவைச் சுவரில் ஒட்டிவைப்பது. நேரம் பிடிக்கும். ஆனால், அந்தப் போட்டோ சுவரிலேயே இருக்கும்.

கையில் போட்ட தடுப்பூசி, உங்கள் உடம்பை ஆக்டிவாக வேலை செய்யவைப்பதற்கு. புண்ணில் போட்ட இம்யூனோகுளோபுலின், யாரோ தயாரித்த ரெடிமேட் ஆன்டிபாடி. தடுப்பூசி போட்டதும் உடம்பில் ஆன்டிபாடி தலைகாட்ட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், போதுமான அளவுக்கு வர ரெண்டு வாரம் வரைக்கும்கூட ஆகும். அதுவரைக்கும் காயத்தில் இறங்கிய வைரஸ் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்காது. அந்த ஒரு வார, ரெண்டு வார இடைவெளியை அடைக்கத்தான் புண்ணுக்குள் குத்துகிற ஊசி.

ரேபிஸ் அறிகுறி ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். உலகத்தில் இவ்வளவு நிச்சயமாகக் கொல்லும் தொற்றுநோய் வேறு இருக்கிறதா என்று யோசித்துத்தான் பார்க்க வேண்டும். அதே நேரம், கடித்த பிறகு தடுப்பூசி போட்டும் தடுத்துவிட முடிகிற அபூர்வமான நோயும் இதுதான். காரணம், இந்த வைரஸ் கொஞ்சம் சோம்பேறி. ரத்தத்தில் ஏறிப் பாயாமல், நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளைக்குப் போகும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறது, சிலருக்குச் சில நாள்களிலும் நடக்கலாம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். முகம், கழுத்து, விரல் போன்ற நரம்பு நெருக்கமாக ஓடும் இடங்களில் கடித்தால் பயணம் குறுகிவிடும். வைரஸ் நரம்புக்குள் நுழைவதற்கு முன்பே புண்ணிலேயே அதை மடக்க வேண்டும். அதனால்தான் ஊசியைத் தொடையில் போட்டுவிட்டு அனுப்பாமல், வலித்தாலும் பரவாயில்லை என்று காயத்துக்குள்ளேயே குத்துகிறார்கள்.

உடம்பு எப்படி ஆள் பிடிக்கிறது?

தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். அதனால் நோய் வராது. தோலுக்கடியில் ரோந்து சுற்றும் சில செல்கள் அதைப் பிடித்து, துண்டு துண்டாக்கி, பக்கத்து நிணநீர் முடிச்சுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும். ஊசி போட்ட பிறகு சில சமயம் அக்குளில் நெறி கட்டுகிறதே, அந்த இடம்தான். அங்கே கோடிக்கணக்கான பி செல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தை மட்டும்தான் அடையாளம் பிடிக்கும். இந்த வைரஸ் துண்டுக்குப் பொருந்துகிற பி செல் எங்கோ ஒரு மூலையில் ஒன்றிரண்டு இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்து, டி செல்கள் என்னும் மேஸ்திரிகள் ஒப்புதல் கொடுத்து, அந்த ஒன்று பல ஆயிரமாகப் பெருகி, அதில் ஒரு பகுதி ஆன்டிபாடி தொழிற்சாலையாக மாறி உற்பத்தி ஆரம்பிக்கும். முதலில் ஐஜிஎம் என்ற அவசரகால ரகம் வரும், பிறகு ஐஜிஜி என்ற நேர்த்தியான ரகம் வரும். இதற்குத்தான் அந்த ஒரு வாரம், ரெண்டு வாரம்.

இன்னொரு பகுதி செல்கள் சண்டைக்கே போகாமல் ஒதுங்கிவிடும். அவைதான் ஞாபக செல்கள். அவை எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும்? அட்லாண்டிக் கடலில் ஃபாரோ என்றொரு தீவுக் கூட்டம். அங்கே 1781-ல் தட்டம்மை பரவியது, பிறகு 65 வருடம் எட்டியே பார்க்கவில்லை. 1846-ல் மறுபடி வந்தபோது தீவே படுத்துவிட்டது. டென்மார்க்கிலிருந்து போன பானும் என்ற இளம் டாக்டர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். 1781-ல் சின்ன வயதில் அம்மை வந்து பிழைத்த கிழவர்களில் ஒருவருக்கும் இந்த முறை வரவில்லை. 65 வருடம்! நாம் ஆறு மாதத்துக்கு முன் வைத்த பாஸ்வேர்டை மறந்துவிடுகிறோம்.

நம்ம ஊரிலும் இதைச் சோதனைக்கூடம் இல்லாமலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். "எனக்கு ஏற்கெனவே அம்மை போட்டுடுச்சு, நான் பார்த்துக்கிறேன்" என்று அம்மை வந்த பிள்ளைக்கு வேப்பிலை விசிறப் பாட்டி முன்வந்தாரே, அது ஆக்டிவ் இம்யூனிட்டியை நம்பித்தான்.

தாய் கொடுக்கும் முதல் கடன்

வெளியூர் போலீஸ் என்றதும் பாசிவ் இம்யூனிட்டியை ஏதோ இரண்டாந்தரம் என்று நினைத்துவிட வேண்டாம். நாம் எல்லோரும் வாழ்க்கையைத் தொடங்கியதே அதில்தான். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அம்மாவின் ஐஜிஜி ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. பிறந்ததும் சீம்பால் வழியாக ஐஜிஏ என்ற இன்னொரு ரகம் போய், குழந்தையின் வாயிலும் குடலிலும் பூச்சு மாதிரி படர்ந்து காவல் நிற்கிறது. இந்த நேரத்தில் சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணியையோ தேனையோ தொட்டுவைப்பதும், மஞ்சளாக இருக்கிறது என்று சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. குழந்தைக்குச் சேர வேண்டிய முதல் சொத்தை வாசலில் கொட்டுகிற வேலை அது.

ஒரு பக்கத் தகவல். மனிதக் குழந்தை கருவிலேயே ஆன்டிபாடி வாங்கிவிடும், கன்றுக்குட்டிக்கு அந்த வசதி கிடையாது. மாட்டின் நஞ்சுக்கொடி ஆன்டிபாடிகளைக் கடக்க விடாது. கன்றுக்கு எல்லாமே சீம்பால்தான், அதுவும் பிறந்த முதல் ஒரு நாளுக்குள். அதன் பிறகு குடல் கதவை மூடிக்கொள்ளும். மாடு வைத்திருக்கும் பெரியவர்கள் கன்று எழுந்து நிற்பதற்குள் மடியில் வாய் வைக்கச் சொல்வதில் அவ்வளவு அர்த்தம் இருக்கிறது. மீதமாகும் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்து நமக்குக் கொடுத்தால் நாக்குக்குச் சொர்க்கம். ஆனால், "எதிர்ப்பு சக்தி ஏறும்" என்று சொல்லிச் சாப்பிட வேண்டாம். வளர்ந்த மனிதனின் வயிறு ஆன்டிபாடியைச் சாதாரணப் புரதமாகச் செரித்துவிடும். ருசிக்காகச் சாப்பிடுங்கள், போதும்.

அம்மா கொடுக்கும் இந்தக் கடனை அரசாங்கமே திட்டமிட்டுப் பயன்படுத்துகிறது. கர்ப்பிணிகளுக்குப் போடும் டிடி ஊசி யாருக்காக என்று நினைக்கிறீர்கள்? முக்கியமாக, பிறக்கப்போகும் குழந்தைக்காக. ஊசி அம்மாவின் உடம்பை ஆக்டிவாகத் தயார்செய்கிறது. அதில் உருவாகும் ஆன்டிபாடி பாசிவாகக் குழந்தைக்குப் போகிறது. தொப்புள்கொடி வெட்டும்போது டெட்டனஸ் கிருமி புகுந்து, பிறந்த சில நாள்களில் குழந்தை வில்லாக வளைந்து இறந்துபோவது ஒரு காலத்தில் இந்தியாவில் சாதாரணம். சுத்தமான பிரசவங்களும் இந்த ஊசியும் சேர்ந்து அதை அடக்கின. தாய் சேய் டெட்டனஸ் ஒழிக்கப்பட்ட நாடு என்ற நிலையை 2015-ல் இந்தியா எட்டியது.

குதிரை சம்பாதிக்க, நாம் செலவழிக்க

புண்ணில் குத்திய அந்த இம்யூனோகுளோபுலின் யாருடையது? அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் அது குதிரையுடையது. ரேபிஸ் தடுப்பூசியைக் குதிரைக்குப் போட்டு, அதன் ரத்தத்தில் ஆன்டிபாடி ஊறியதும் பிரித்தெடுத்துச் சுத்திகரிக்கிறார்கள். மனித ரத்தத்திலிருந்து எடுத்ததும் உண்டு, விலை பல மடங்கு அதிகம். குதிரை மருந்து என்றால் உங்கள் எடையில் ஒரு கிலோவுக்கு 40 யூனிட், மனித மருந்து என்றால் 20 யூனிட். ஊசி போடுவதற்கு முன் உங்களை எடை மெஷினில் நிற்கச் சொல்வது இதற்குத்தான். இப்போது ஆய்வகத்திலேயே தயாரிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடியும் இந்தியாவில் வந்துவிட்டது.

இந்தக் குதிரை யோசனைக்கு வயது 130-க்கு மேல். ஜெர்மனியின் பேரிங்கும் ஜப்பானின் கிடசாட்டோவும் 1890-ல், டெட்டனஸ் நஞ்சுக்குப் பழகிய ஒரு விலங்கின் சீரத்தை இன்னொரு விலங்குக்கு ஏற்றினால் அதுவும் தப்பிக்கிறது என்று காட்டினார்கள். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் பேரிங்குக்குக் கிடைத்தது. கிடசாட்டோவுக்கு ஏன் கொடுக்கவில்லை என்பது இன்றைக்கும் கேட்கத் தகுந்த கேள்வி.

இதே முறையில்தான் பாம்புக்கடி மருந்தும் தயாராகிறது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-லிருந்து இயங்குகிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்புகளைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் குதிரையைப் பழக்கி, அதன் ஆன்டிபாடியை எடுத்து மருந்தாக்குவது மருந்து நிறுவனங்களின் வேலை. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது நினைவிருக்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்து வயல் வரப்பில் விரியன் கடித்து ஒருவர் பிழைத்து வீடு திரும்பினால், அதற்குப் பின்னால் ஒரு இருளர் கையும் ஒரு குதிரையின் ரத்தமும் இருக்க நிறையவே வாய்ப்பு.

"ஒருதடவை பாம்பு கடிச்சுப் பொழைச்சவனுக்கு அடுத்த தடவை விஷம் ஏறாது" என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். குணப்படுத்தியது குதிரையின் ஆன்டிபாடி, உங்களுடையது இல்லை. அது சில வாரங்களில் கரைந்துபோகும். அடுத்த முறை கடித்தால் மறுபடி அதே மருந்து, மறுபடி அதே 108.

குதிரைப் பொருள் என்பதால் ஒரு சிக்கலும் உண்டு. சிலருக்கு ஊசி போட்ட சில நிமிடங்களில் ஒவ்வாமை வரலாம், அதற்குத்தான் அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காரவைக்கிறார்கள். இன்னும் சிலருக்கு ஒன்று ரெண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டுவலியும் தடிப்பும் வரும். காரணம், உங்கள் உடம்பு இதற்குள் குதிரைப் புரதத்தையே அந்நியனாகப் பார்த்து அதற்கு எதிராக ஆக்டிவ் இம்யூனிட்டியைத் தொடங்கியிருக்கும்! காப்பாற்ற வந்த வெளியூர் போலீஸையே உள்ளூர்க்காரர்கள் சந்தேகப்பட்டுப் பிடித்த கதை. மருத்துவரிடம் போனால் சரிசெய்துவிடலாம்.

கடன் அதிகமானால் சம்பாத்தியம் படுத்துவிடும்

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ரெண்டு இம்யூனிட்டியும் சேர்ந்தால் ரெண்டு மடங்கு பாதுகாப்பு என்றுதானே தோன்றும்? எப்போதும் அப்படி இல்லை.

தடுப்பூசியின் முதல் டோஸ் போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் இம்யூனோகுளோபுலின் போட மாட்டார்கள். அதற்குள் உங்கள் உடம்பே ஆன்டிபாடி தயாரிக்க ஆரம்பித்திருக்கும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றினால், அது தடுப்பூசியில் உள்ள வைரஸ் துண்டுகளையே கட்டிப் போட்டு உடம்பின் கண்ணில் படாமல் மறைத்துவிடும். உள்ளூர் ஸ்டேஷனுக்குப் பயிற்சி நின்றுபோகும். முதல் நாளிலும்கூட ரெண்டு மருந்தையும் ஒரே இடத்தில் போடாமல், ஒன்றைக் கையிலும் இன்னொன்றைக் காயத்திலும் போடுவதும், எடைக்கு மேல் ஒரு சொட்டு அதிகமாகக் கொடுக்காததும் இதற்காகத்தான்.

குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியைப் பிறந்ததுமே போடாமல் ஏன் ஒன்பது மாதம் வரை காத்திருக்கிறார்கள்? அதே காரணம். அம்மாவிடமிருந்து வந்த ஆன்டிபாடி குழந்தையின் ரத்தத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். தடுப்பூசி வைரஸை அது அடித்துப் போட்டுவிட்டால், குழந்தையின் உடம்பு பாடம் கற்றுக்கொள்ள வாய்ப்பே வராது. ஐஜிஜியின் அளவு ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். அம்மாவின் கடன் தீரவும் பிள்ளையின் சம்பாத்தியம் தொடங்கவும் பார்த்துக் குறித்த நாள்தான் அந்த ஒன்பதாவது மாதம். முகூர்த்தம் மாதிரி. பிந்தினாலும் ஆபத்து, நடுவில் காவல் இல்லாத நாள்கள் வந்துவிடும்.

கடன் வாங்கிய ஆன்டிபாடி எல்லா நேரத்திலும் காப்பாற்றும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. கொரோனா காலத்தில் பிளாஸ்மா தேடி வாட்ஸ்அப் குரூப்களில் நாம் ஃபார்வர்டு செய்யாத மெசேஜா? அதுவும் பாசிவ் இம்யூனிட்டி யோசனைதான். 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் ஐசிஎம்ஆர் நடத்திய ஆய்வில் பெரிய பலன் தெரியவில்லை. 2021 மே மாதம் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். நோய் முற்றிய பிறகு கொடுப்பது, வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு மணல் மூட்டை அடுக்குவது மாதிரி. நாய்க்கடியில் மணிக்கணக்குப் பார்ப்பதும் அதனால்தான்.

அந்தப் பதினாலு ஊசி

"நாய் கடிச்சா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி" என்ற பயம் இன்னும் போகவில்லை. அந்தக் காலத்தில் அது உண்மைதான். பாரிஸில் லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6-ம் தேதி, வெறிநாய் குதறிய ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இந்த மருந்தைப் போட ஆரம்பித்தார். பையன் பிழைத்தான். அந்தத் தடுப்பூசி தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்த இடம் குன்னூர். ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தரின் நன்கொடையில் அங்கே 1907-ல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. நீலகிரிக்கு டூர் போனால் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே அந்தப் பழைய கட்டடத்தைப் பார்க்கலாம்.

பல பத்தாண்டுகள் இந்தியா முழுக்கப் போடப்பட்டது ஆட்டு மூளையில் தயாரித்த மருந்து. வீரியம் குறைவு, அதனால் அளவும் அதிகம், ஊசிகளும் அதிகம். அவ்வளவு மருந்தைத் தாங்குவதற்கு வயிற்றுத் தோல்தான் தோதாக இருந்தது. அதில் கலந்திருந்த நரம்புத் திசு, சிலருக்கு வாதம் போன்ற பக்கவிளைவையும் கொண்டுவந்தது. 2004-ம் ஆண்டோடு இந்தியாவில் அந்த மருந்துத் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆட்டு மூளைக்குப் பதிலாகச் செல்களில் வளர்த்தெடுத்த வைரஸிலிருந்து இப்போதைய மருந்து தயாராகிறது. வயிற்றைத் தொடுவதே கிடையாது. ஆனால், அந்தப் பழைய பயத்தில் வீட்டில் சொல்லாமல் மறைக்கிற குழந்தைகள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுத் தம்பி தங்கையிடம் இதை மட்டுமாவது சொல்லிவையுங்கள்.

கடித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை சோப்பு. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்புக்கு அது தாங்காது. கிரிவலப் பாதையில் குழாயும் கடையும் இல்லாத இடமா? தண்ணீர் பாட்டிலை ஊற்றிக் கழுவ ஆரம்பித்துவிட்டு, குழாய் இருக்கும் இடத்துக்கு நகருங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். மந்திரிக்கப் போகும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

நாய் மட்டும்தானா? பூனை, குரங்கு எல்லாமே கணக்கில் வரும். மலையடிவாரத்தில் தேங்காய் மூடியைப் பிடுங்க வந்த குரங்கு நகத்தால் கீறினால், "கீறல்தானே" என்று விடாதீர்கள். தோல் கிழியாமல் நக்கினால், தொட்டால் ஊசி தேவையில்லை, கழுவினால் போதும். ரத்தம் வராத லேசான கீறல் என்றால் தடுப்பூசி. தோல் கிழிந்து ரத்தம் வந்தாலோ, ஏற்கெனவே இருந்த புண்ணிலோ கண், வாயிலோ எச்சில் பட்டாலோ தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். இந்த மூன்றாவது ரகத்தில்தான் பலர் கையில் மட்டும் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுவிட்டு, மற்றதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தால், அதே நாளில் போய்விடுங்கள். "டாக்டர், எனக்கு ரத்தம் வந்துச்சு, புண்ணுல போடுற ஊசியும் வேணுமா?" என்று நீங்களே கேட்கலாம், தப்பே இல்லை. அரசு மருத்துவமனைகளில் ரெண்டும் இலவசம். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104-க்கு அழையுங்கள்.

தோலுக்குள் போடும் முறை என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில், ஒவ்வொரு முறையும் ரெண்டு இடத்தில் போடுவார்கள். தசையில் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28. கடித்த நாள் பூஜ்ஜியம் இல்லை, முதல் ஊசி போட்ட நாள்தான் பூஜ்ஜியம். வெளியூரிலிருந்து கிரிவலம் வந்தவர்கள் மீதி ஊசியை அவரவர் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம். நாய் உங்கள் தெருவில் பத்து நாள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம், ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். உள்ளூர் ஸ்டேஷனே ஆள் இல்லாமல் தவிக்கும்போது கணக்கு மாறும்.

மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவிகிதம் நாய் மூலம்தான். ஒரு ஊரில் 70 சதவிகித நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், நாய்களுக்குள் நோய் பரவும் சங்கிலியே அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. திருவண்ணாமலையில் தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பராமரிக்கும் காப்பகம் இருக்கிறது. நாய்க்கு ஆக்டிவ் இம்யூனிட்டி இருந்தால் உங்களுக்குக் குதிரையிடம் கடன் வாங்கும் அவசியமே வராது. தெருநாய்களுக்குத் தினமும் சோறு வைப்பவர்கள், காப்பகங்களில் தன்னார்வலராகப் போகிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். 0, 7, அப்புறம் 21 அல்லது 28-வது நாள்.

அப்படி முன்பே போட்டவர்களுக்கும், ஒருமுறை கடிபட்டு முழு கோர்ஸை முடித்தவர்களுக்கும் ஒரு சலுகை உண்டு. பிறகு எப்போதாவது மறுபடி நாய் கடித்தால் 0, 3 என்று ரெண்டே நாள் ஊசி. புண்ணுக்குள் குத்தும் அந்த இம்யூனோகுளோபுலின் தேவையே இல்லை. ஞாபக செல்கள் தயாராக இருப்பதால், பூஸ்டர் பட்டதும் சில நாள்களிலேயே ஆன்டிபாடி கொட்ட ஆரம்பிக்கும். பாதியில் விட்டவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, நிரூபிக்கக் காகிதம் இல்லாதவர்களும் திரும்ப முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதனால் கடைசி ஊசி போட்டதும், தேதிகள் எழுதிய அந்தச் சின்ன அட்டையைப் போனில் படம் எடுத்து, உங்கள் மெயிலுக்கே ஒன்று அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள்.